சாமி படத்துக்குப் பின்னால் வந்த விளம்பரம்

கணினி வாங்கிய அன்று மாலைக்குள் அது எனக்குப் பதினொரு விளம்பரங்களைக் காட்டியிருந்தது. இணையப் பக்கங்களில் வருவதை நான் சேர்க்கவில்லை. அங்கே வருவது அவர்களுடைய பிழைப்பு. நான் எண்ணியது கணினிக்குள்ளிருந்தே வந்தவற்றை மட்டும்தான். திறக்கும்போது முதலில் தெரியும் அழகான ஏரிப் படத்தின் மேல் ஒன்று. பட்டியலில் நான் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்த விளையாட்டுகள் மூன்று. கீழே வலது மூலையில் சீட்டுக்கட்டு அளவுக்கு எழுந்து வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் மறைந்துவிடுகிற பெட்டிகள் ஏழு.

எண்ணுவது எனக்குத் தொழிலாக இருந்தது. புள்ளிவிவர வேலையில் முப்பத்து மூன்று வருடம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வயல்களில் அளந்து கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நிலக்கடலையை எடை போட்டு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை.

மறுநாளே அந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கென்று பில்லில் தனியாக ஒரு தொகை எழுதிப் பணம் வாங்கியவர் கடைக்காரர். ஒரிஜினல், ஒரு தொந்தரவும் இருக்காது என்று சொல்லியிருந்தார்.

"காசு குடுத்து வாங்கினவனுக்கும் விளம்பரம் போடுவானா?" என்று கேட்டேன்.

"கேபிளுக்கு மாசாமாசம் கட்டறீங்களே சார், அதுல விளம்பரம் வர்லியா?"

"டிவி நான் இன்னா எழுதறேன்னு பாக்கறதில்லையே."

"இது மட்டும் பாக்குதுன்னு யார் சொன்னது? நீங்க ஜாஸ்தி யோசிக்கறீங்க சார். குடுங்க, ஆஃப் பண்ணித் தரேன்."

பதினான்கு இடங்களில் அழுத்தி அணைத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு நாள், அணைக்காதீர்கள், புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று அது சொன்னது. நாற்பது நிமிடம் காத்திருந்து திறந்தால், அணைத்த பதினான்கில் ஒன்பது மறுபடியும் எரிந்துகொண்டிருந்தன. நான் பணம் போட்டுக் கட்டிய வீட்டுக்குள், நான் தூங்கும்போது கொத்தனார் வந்து உள்சுவரில் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போவது போல இருந்தது. கொத்தனாரிடமாவது சண்டை போடலாம்.

எங்களால் அந்தக் கணினியைத் தூக்கிப் போடவும் முடியாது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாடியில் மூன்று அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் ஒரு நாளுக்குள் அவருடைய பாஸ்போர்ட் விவரங்களைக் கணினி வழியாக அரசுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த வேலையை என் மனைவிதான் செய்வாள். நான் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பேன், அவள் தட்டுவாள். தட்டச்சுப் பரீட்சையில் அவள் ஹையர் பாஸ், நான் லோயரில் இரண்டு முறை தோற்றவன். அதை அவள் மறக்கவும் மாட்டாள், மறக்க விடவும் மாட்டாள்.

விளம்பரங்கள் அவளைத் தொந்தரவு செய்ததே இல்லை. "வந்தா வரட்டும், உங்களுக்கு எண்றதுக்கு ஆச்சு" என்பாள்.

ஒருமுறை மேல் அறையில் தங்கியிருந்த இத்தாலியப் பெண்மணி, தன் ஃபோன் கெட்டுப்போய்விட்டது என்று எங்கள் கணினியைக் கேட்டு வாங்கி, யோகா பாய் எங்கே கிடைக்கும் என்று தேடினார். அதற்குப் பிறகு எங்கள் திரையின் மூலையில் பாயாக வந்துகொண்டிருந்தது. நீலப் பாய், சுருட்டுகிற பாய், ரப்பர் பாய்.

"நமக்கு எதுக்குங்க இத்தினி பாய்?" என்று மனைவி கேட்டாள்.

"இந்தக் கணினியில யார் எதைத் தேடினாலும் அதையே திருப்பிக் காட்டும். தேடாதது வராது" என்று, கடையில் கேட்டதும் பத்திரிகையில் படித்ததுமாகக் கலந்து நான்தான் அவளுக்கு விளக்கினேன். விவரம் தெரிந்தவன் என்கிற தோரணையில் சொன்னேன்.

மாசி மாதத்தில் என் வலது கை ஆட ஆரம்பித்தது. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், வறுத்த கடலையின் தோலைத் தேய்த்து எடுப்பது போலத் தாமாகவே தேய்த்துக்கொள்ளும். நான் பார்த்தால் நின்றுவிடும். வேறு எங்காவது பார்த்தால் மறுபடியும் தொடங்கும்.

இதில் நோயைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. எங்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். நல்லவன், ஆனால் பேச்சு கறாராக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து, இரண்டு மணி நேரம் யாரும் பார்க்காமல் கிடந்த செய்தியைக் கேட்டதும் புறப்பட்டு வந்து எங்கள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னான்: "உங்க ரெண்டு பேருக்கும் கை கால் நல்லா இருக்கற வரைக்கும் இருங்க. யாருக்கு இன்னா ஒண்ணு வந்தாலும் வீட்டை வித்துட்டு என்கூட வந்துடணும். சரியாப்பா? சரியாம்மா?" சரி என்று இருவரும் தலையாட்டினோம். அவனுடைய வீடு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. நாங்கள் அங்கே தங்கிய ஆறு நாட்களும் நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. இந்த வீட்டைப் பிரிந்து அங்கே போய் உட்கார்ந்தால் நான் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று உறுதியாகத் தோன்றியது. அதனால் கையைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் மகனுக்குத் தெரியும்.

டாக்டரிடம் போகவும் துணிவில்லை. ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, கணினியில் "சும்மா இருக்கும்போது கை நடுங்குவது ஏன்" என்று தட்டித் தேடினேன். வந்ததில் கொஞ்சம் படித்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மூடிவிட்டு, தேடியதன் சுவட்டையும் அழித்தேன்.

மூன்றாம் நாள் கீழே வலது மூலையில் பெட்டி எழுந்தது. உங்கள் கை நடுங்குகிறதா என்று கேட்டது.

நல்லவேளை, அவள் அடுப்படியில் இருந்தாள். அன்று மட்டும் நான்கு முறை வந்தது. நரம்பு மருத்துவமனை ஒன்று, மூலிகைத் தைலம் ஒன்று, முதியோர் இல்லம் ஒன்று, பிறகு மறுபடியும் அதே மருத்துவமனை. ஒருமுறைதான் தேடினேன், அதுவும் பயந்துபோய். ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்காத விஷயத்தை இந்தப் பெட்டியிடம் சொல்லியிருக்கிறேன், அது என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு என் மனைவிக்கு எதிரில் சொல்லிக் காட்டப் பார்க்கிறது. அன்று முதல் அவள் திரை முன்னால் உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டைப் படிக்கும்போது என் கண் எழுத்தில் இருக்காது, மூலையில் இருக்கும்.

"யூவா, வீயா? ஒழுங்கா படிங்க. அந்தம்மா பேரே மாறிப்போவுது."

மறுபடியும் கடைக்குப் போனேன். அவர் மறுபடியும் அணைத்தார். அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் வந்தது. "கம்பெனிக்காரன் வெக்கறான் சார், நான் இன்னா பண்றது? வேணும்னா அந்த எடத்துல எதையாவது ஒட்டிக்குங்க" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் செய்தேன். தேரடித் தெருக் கடையில் உள்ளங்கை அளவில் ஒட்டும்படம் ஒன்று வாங்கினேன். மேலே தீபம் எரியும் மலை, கீழே அண்ணாமலையாரும் அம்மனும். அதைத் திரையின் வலது மூலையில் ஒட்டினேன். பெட்டி எழுந்தாலும் சாமிக்குப் பின்னால்தான் எழும். ஓரத்தில் மட்டும் நூல் அளவு வெளிச்சம் தெரியும்.

மனைவி பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனாள். "இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்துருக்குது" என்றாள். அரசுப் படிவத்தில் "அனுப்பு" என்கிற பொத்தான் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கும். சாமியின் காலடியில் போய் அம்புக்குறியை வைக்கக் கூடாது என்று அவள் பக்கத்தை மேலே நகர்த்திவிட்டுத்தான் அழுத்துவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஆனாலும் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை அந்தப் படம் என்னைக் காப்பாற்றியது. படத்தை அங்கிருந்து எடுக்க யாருக்கும் கை வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜையை நான் யோசிக்கவில்லை.

அன்று காலையில் ஒரு ஜெர்மன்காரர் வந்து இறங்கினார். பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரை கணினியைத் தொடக் கூடாது. அதனால் அவருடைய விவரங்களை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு துடைத்துப் பொட்டு வைக்கலாம் என்று மனைவி சொன்னாள். அரிவாள்மணை, சுத்தியல், தையல் மிஷின், என் பழைய தராசு எல்லாம் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. படிவம் போய்ச் சேர்ந்தது. நான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஈரத்துணியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாமி படம் அவள் இடது கையில் இருந்தது.

"ஓரமெல்லாம் அழுக்கு ஏறிப்போச்சு. பூஜைக்குப் புதுசு வாங்கி வெச்சிருக்கேன், ஒட்டிடலாம்."

"அப்புறம் துடைக்கலாம், முதல்ல அணைச்சிடு. ஈரம் படக் கூடாது" என்றேன்.

அதற்குள் பெட்டி எழுந்தது. அவள் குனிந்து படித்தாள், எழுத்துக் கூட்டுவது போல நிதானமாக. "சும்மா இருக்கும்போது கை நடுங்குகிறதா. ஐந்து அறிகுறிகள்." நிமிர்ந்தாள். "இன்னாங்க இது?"

"விளம்பரம்."

"அது தெரியுது. நமக்கு எதுக்கு வருது?"

"எல்லாருக்கும் வர்றதுதான்."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "பாய் வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, தேடாதது வராதுன்னு. நான் தேடல." மாடிப்பக்கம் கை காட்டி, "மேல இருக்கறவங்க யாரும் இதைத் தொட்டு ஆறு மாசம் ஆவுது" என்றாள்.

நான் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். நீட்டியபோது ஆடவில்லை. "கீழ வைங்க" என்றாள். மடியில் வைத்தேன். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது ஆடத் தொடங்கியது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தியலுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தாள். கடைசியில் கணினிக்கு வைத்தாள். புதுப் படத்தை ஒட்டவில்லை.

சாயங்காலம் மகன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். "நல்லா இருக்கோம்டா, அப்பாவும் நல்லா இருக்கார்" என்று பேசி வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "உங்களுக்காகப் பொய் சொல்லல. இன்னான்னு தெரியாம எப்படிச் சொல்றது? முதல்ல டாக்டர்."

டாக்டர் இளைஞர். ஒரு தாளில் சுருள் கோலம் போல வரையச் சொன்னார், வாக்கியம் ஒன்று எழுதச் சொன்னார், எழுந்து கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார். நான் போட்ட சுருள் உள்ளே போகப் போக நெருங்கிச் சிறுத்துப்போயிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நடுக்குவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், மாத்திரை தருகிறேன், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். எது என்று தெரிந்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மகனிடம் என்ன சொல்வது என்று வீடு வரும் வரை ஆட்டோவில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் போகட்டும் என்று அவளே சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்கு அறைகள் மூன்றும் நிரம்பின. மாத்திரையில் கை கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. நடுக்கத்தைப் பற்றிய விளம்பரங்களும் குறைந்தன. ஒரு நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. மூலை திறந்தே இருந்ததால் எண்ண வசதியாக இருந்தது.

போன வாரம் ஒரு காலை, மின்கட்டணம் கட்டுவதற்காகத் திறந்தேன். பெட்டி எழுந்தது. திருவண்ணாமலையில் உங்கள் வீட்டை நல்ல விலைக்கு விற்க வேண்டுமா என்று கேட்டது. மறைந்தது. கட்டணம் கட்டி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது: பெங்களூரில் பெரியவர்களுக்கு ஏற்ற வீடுகள், தரைத்தளம், கைப்பிடியுள்ள குளியலறை.

நான் தேடவில்லை. மகன் வந்து பல மாதங்கள் ஆகின்றன. மாடிக்காரர்கள் யாரும் தொடவில்லை. சும்மாவும் வரலாம், ஊர் பெயரைப் பார்த்துப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தரைத்தளம் என்பதுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஜன்னல் பக்கம் நான் போகாமல் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு பாஸ்போர்ட்டோடு உள்ளே வந்தாள். புதிதாக வந்த பிரெஞ்சுக்காரருடையது. நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து படிவத்தைத் திறக்கும்போது மூலையில் மறுபடியும் எழுந்தது. அதே கைப்பிடி, அதே குளியலறை. அவள் விரல் சட்டென்று போய் அதை மூடியது. என் பக்கம் திரும்பவில்லை.

"பேரைப் படிங்க" என்றாள்.

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, தவறில்லாமல்.