சடன்லி தண்ணீர் நிற்கும்

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் ஒல்லியானவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர் வைத்திருப்பார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவர் போடும் எந்த அறிவிப்பிலும் ‘சடன்லி’ இருக்கும். ஒருநாள், “தொட்டி கழுவுவதால் நாளை காலை பத்து மணிக்கு சடன்லி தண்ணீர் நிற்கும்” என்று போட்டார்.

மென்பொருள் கையேடுகள் எழுதுவது என் வேலை. பொறுக்க முடியாமல் லிஃப்ட் அருகே அவரைப் பிடித்தேன்.

“சார், ரெண்டு விஷயம். ஒண்ணு, நேரம் சொல்லிட்டா அது திடீர்னு நடக்கிறது இல்ல. ரெண்டு, அந்த வார்த்தையைப் பார்த்தா ஜனங்க பதறுவாங்க. எடுத்துடுங்களேன்.”

“முன்னாடியே சொன்னாலும் குழாய் நிக்கும்போது எல்லாருக்கும் சடன்லிதாம்மா. போன தடவை என்னை ராஜினாமா பண்ணவே சொன்னாங்க. இந்தத் தடவை பாரு.”

மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் நின்றது. படிக்கட்டு முழுக்கக் குரல்கள். மூன்றாம் மாடிக்காரர் முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்து, “இன்னா சார், சொல்லாம கொள்ளாம சடன்லி நிறுத்திட்டீங்க? ராஜினாமா பண்ணுங்க சார்!” என்று கத்தினார்.

செயலாளர் முந்தைய நாளே கீழே ஒரு நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். அதிலிருந்து மொண்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். முதல் வாளி மூன்றாம் மாடிக்காரருக்கு. இரண்டாவதை, தலையில் ஷாம்பு நுரையோடு கதவை ஒருக்களித்துத் திறந்து நான் வாங்கிக்கொண்டேன்.

“சடன்லி நின்னுடுச்சாம்மா?” என்று கேட்டார்.

கேலியாகக் கேட்டாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.