வெளியே வர மறுத்த ஹீட்டர்

வெலிச்காவில் காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய பனாஸ் ஸலெஷ்சுக், ஓய்வு பெற்ற பிறகு கோபப்பட ஆள் இல்லாமல் தவித்துப் போனார். பேருந்தில் வண்டி நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் இருந்தது மனைவி ஸ்டெஃப்கா ஒருத்திதான். அவளிடம் கோபப்படும் தைரியம் அவருக்கு எந்நாளும் வந்ததில்லை. மிச்சம் இருந்தது பழுப்பு நிறப் பிக்கப் வண்டி. எழுபதுகளில் வாங்கியது. அதைத் திட்டுவார், தட்டிக் கொடுப்பார், சமயத்தில் மன்னிப்பும் கேட்பார். ஆனால் அடுத்தவர் கை அதன்மேல் பட விடமாட்டார். பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைக்க வந்தவனிடமிருந்து துணியைப் பிடுங்கித் தானே துடைத்தவர்.

கனடாவின் சஸ்காட்சுவன் குளிரில் ராத்திரி முழுக்க எஞ்சினுக்குக் கரண்டில் சூடு கொடுக்காவிட்டால் காலையில் எந்த வண்டியும் எழுந்திருக்காது. அதனால் ஊரில் எல்லா வண்டிக்கும் மூக்கிலிருந்து ஓர் ஒயர் தொங்கும். அதை வீட்டுச் சுவரில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். அந்த ஜனவரியில், மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு காலை, ஒழுங்காகச் செருகியிருந்தும் பிக்கப் ஒரு முனகல் முனகிவிட்டு ஓய்ந்தது. எஞ்சினுக்குள் இருந்த ஹீட்டர் உயிரை விட்டிருந்தது.

அன்று பார்த்து ஸ்டெஃப்கா கோயில் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது. மலங்கா என்ற புத்தாண்டு விருந்துக்குக் கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டும் வேலை. வேக வைத்த சோறு அண்டா நிறைய அவள் பொறுப்பில். விஷயம் கேள்விப்பட்டுப் பங்குச்சாமியார் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கார் சின்னது, அண்டா பெரியது, ஸ்டெஃப்காவும் அண்டாவுக்கு இளைத்தவள் இல்லை. அண்டாவை மடியில் வைத்து, தலையைக் குனிந்து, ஒருவழியாக உள்ளே அடைந்தாள்.

சாயங்காலம் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தா பாருங்க. சனிக்கிழமை விருந்துக்கு நான் உங்க வண்டியிலதான் போவேன். கிளம்பலேன்னா, திங்கக்கிழமை அது காயலான் கடைக்குப் போகும். சாமி கதவைத் தோளால இடிச்சுச் சாத்தினாருங்க, தோளால! கோதுமை மூட்டை அடைக்கிற மாதிரி. கோயில் வாசல்ல அத்தனை பொம்பளைங்களும் பாத்தாளுங்க."

"புது ஹீட்டர் மாட்டினாப் போச்சு. ஒரு காபி குடிக்கிற நேரத்து வேலை."

"எந்தக் காபி? நீங்க குடிக்கிற காபியா? அது மத்தியானம் வரைக்கும் போகுமே."

புது ஹீட்டர் மறுநாளே வந்துவிட்டது. ஆனால் அந்தக் குளிரில் வெளியே வண்டிக்கு அடியில் படுத்தால் ஹீட்டர் மாட்டப் போன ஆளை மறுபடி வசந்த காலத்தில்தான் எடுக்க முடியும். சூடேற்றிய கொட்டகை தெருவில் ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. ஸ்டெஃப்காவின் தம்பி ஒஸ்தாப். அவனுக்கும் பனாஸுக்கும் ஆகாது. கல்யாணத்தன்று, "அக்காவுக்கு அந்த போட்டோக்காரரே பொருத்தமா இருக்காரு" என்று ஒஸ்தாப் சபை நடுவே சொன்னதைப் பனாஸ் இன்னும் மறக்கவில்லை. சொன்னபோது ஒஸ்தாப்புக்குப் பதினோரு வயசு.

ஒஸ்தாப் கதவைத் திறந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன அத்தான், வழி தவறிட்டீங்களா?"

"கொட்டகை வேணும். ஒரு மணி நேரம்."

"உதவி கேக்கறீங்களா?"

"கொட்டகை கேக்கறேன்."

ஒஸ்தாப் வாய்க்குள் சிரித்துக்கொண்டே தன் வண்டியில் கயிறு கட்டிப் பிக்கப்பை இழுத்து வந்து உள்ளே விட்டான்.

பனாஸ் அடியில் படுத்து, ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீரை ஓர் அகலத் தட்டில் வடித்தார். ஹீட்டரை எஞ்சினோடு பிடித்திருந்த நடுத் திருகைத் தளர்த்தினார். அவ்வளவுதான் வேலை, இனிப் பிடித்து இழுத்தால் தக்கை மாதிரிக் கையோடு வர வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷத் துருவும் உப்பும் அதை இரும்போடு இரும்பாக்கியிருந்தன. குறட்டால் திருகினார், எண்ணெய் அடித்தார், சுத்தியலால் தட்டினார். பேருந்தில் பின் சீட்டுப் பிள்ளைகளை அதட்டிய குரலில் ஒரு தடவை அதட்டியும் பார்த்தார்.

"சூடு காட்டணும் அத்தான்," என்று தலைமாட்டிலிருந்து குரல் வந்தது.

"உன்னைக் கேட்டேனா?"

"கேக்கல. ஆனா கொட்டகை என்னோடது, பேசறதுக்கும் சேத்துத்தான்."

கடைசியில் வேறு வழியில்லாமல் சம்மதித்தார். ஒஸ்தாப் கேஸ் பர்னரைக் கொளுத்தி ஹீட்டரைச் சுற்றிக் காட்டினான். கொட்டகை முழுக்க ஒரு தித்திப்பு நாற்றம் கிளம்பியது. ஹீட்டர் முன்பைவிட இறுகிக்கொண்டது. பிறகு முன் சக்கரத்துப் பக்கமாகக் கைவிட்டுப் பனாஸ் குறட்டைப் பிடிக்க, ஒஸ்தாப் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக "ம்ம்... இழு!" என்று இழுத்தார்கள். குறடு வழுக்கியது. ஒஸ்தாப் டயர் அடுக்கில் போய் விழுந்தான். பனாஸ், பின்னால் நகர்த்தி வைத்திருந்த பச்சைத் தண்ணீர்த் தட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்புறம் டயர்களுக்கு நடுவிலிருந்து சிரிப்பு வந்தது.

"அத்தான்... அந்த ஹீட்டரும் நீங்களும் ஒரே ஜாதி. உள்ள போய் உக்காந்துட்டா வேலையும் செய்றதில்ல, வெளிய வரதும் இல்ல."

பனாஸ் எழுந்து நின்றார். கால்சட்டையிலிருந்து பச்சையாகச் சொட்டியது.

"கதவைத் திற."

"எதுக்கு?"

"என் வண்டி உன் கூரைக்குக் கீழ இன்னும் ஒரு நிமிஷம் நிக்காது. திறடா மாப்ள!"

"வெளிய மைனஸ் நாப்பது அத்தான். எஞ்சின்ல சொட்டுத் தண்ணி இல்ல. எங்க கொண்டு போவீங்க?"

பனாஸ் தானே கதவைத் தூக்கி, கியரை விடுவித்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினார். கொட்டகைத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்ததால் பிக்கப் கம்பீரமாகவே வெளியேறியது. வெளியேறி, வாசலுக்கு எதிரே இருந்த பனிக்குவியலில் முட்டி நின்றுவிட்டது. அதற்குமேல் அசைக்க முடியவில்லை. அதை அங்கேயே ஒஸ்தாப்பின் முற்றத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். தெருவில் மூச்சு உறைந்தது, மீசை உறைந்தது. உறையாமல் நனைந்தபடியே இருந்தது அவருடைய கால்சட்டை மட்டும்தான். அந்தப் பச்சைத் தண்ணீரின் வேலையே உறையாமல் இருப்பதுதானே.

ஸ்டெஃப்கா அவரை வாசல் மிதியடியைத் தாண்ட விடவில்லை.

"அங்கயே நில்லுங்க. அந்தப் பச்சைத் தண்ணி விஷம், நாய் நக்கினாலும் செத்துப் போகும். எல்லாத்தையும் அங்கயே கழட்டுங்க."

"இங்கயா? ஜன்னல் திரை திறந்திருக்கே."

"இந்த வயசுல யாருங்க எட்டிப் பாக்கப் போறா?"

மறுநாள் விடிந்ததும் பனாஸ் புறப்பட்டார். சுத்தியலையும் குறட்டையும் எடுத்துவர என்று மனைவியிடம் சொன்னார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். பிக்கப் பனிக்குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி விடு, நேத்து நான் பேசினது தப்பு," என்று முணுமுணுத்தபடி ஒரு பழைய கம்பளத்தை விரித்து அடியில் நுழைந்தார். குறட்டால் ஹீட்டரைப் பிடித்து, நம்பிக்கையே இல்லாமல், சும்மா ஒரு திருகு திருகினார்.

ஆடும் பல் மாதிரி அது கையோடு வந்துவிட்டது.

ஹீட்டர் பித்தளை, எஞ்சின் இரும்பு; குளிரில் பித்தளை, இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். முந்தைய நாள் சூடு காட்டக் காட்ட வீங்கி இறுகிய ஹீட்டர், ராத்திரிக் குளிரில் தானாக இளைத்துப் பிடியை விட்டிருந்தது. பனாஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. கரி பிடித்த அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மல்லாந்தபடியே சிரித்தார். பிறகுதான் ஒரு சங்கடம் உறைத்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், உடனே சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தில் எழுந்திருந்தவன் ஒஸ்தாப் மட்டும்தான்.

தலையை வெளியே நீட்டினார். ஒஸ்தாப் காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சட்டைமேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"நான் சொல்லல? நேத்து நான் காட்டின சூட்டுலதான் இளகியிருக்கு!"

"உன் சூட்டுல இறுகித்தான் போச்சு. நான் கோவிச்சுக்கிட்டு வெளிய தள்ளினேன் பாரு, அதான் வந்துச்சு."

"அப்போ உங்களைக் கோவப்படுத்தினது யாரு? நான்தானே?"

பனாஸ் பல் கிடுகிடுக்க, கயிற்றைக் கொண்டுவா என்று கைகாட்டினார். இருவரும் வண்டியைக் கயிற்றால் இழுத்து மறுபடி கொட்டகைக்குள் விட்டார்கள். ஒஸ்தாப் துளையைச் சுரண்டித் துடைத்தான். பனாஸ் புது ஹீட்டரின் ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவி, உள்ளே தள்ளி, திருகை முடுக்கினார். தண்ணீர் ஊற்றும் முன்பே ஒஸ்தாப் ஒயரைச் சுவரில் செருகப் போக, பனாஸ் போட்ட சத்தத்தில் தெருக்கோடி நாய் குரைத்தது. காய்ந்த ஹீட்டரில் கரண்ட் பாய்ந்தால் நொடியில் எரிந்துவிடும். ஒஸ்தாப் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு புனலைப் பிடித்தான்.

சனிக்கிழமை ஸ்டெஃப்கா பிக்கப்பின் அகலமான சீட்டில், அண்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ராணி மாதிரி கோயில் மண்டபத்தில் போய் இறங்கினாள். சாமியாரே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இரண்டு மேஜைகளில் இரண்டு கதைகள் ஓடின. ஒன்றில் சூடு ஜெயித்தது, மற்றொன்றில் கோபம் ஜெயித்தது. இரண்டு பக்கமும் கேட்டவர்கள் தட்டில் இருந்த கோஸ் சுருளைத்தான் புகழ்ந்தார்கள். மண்டபத்துச் சுவரில் வண்டிக்கு ஒயர் செருக இடமில்லாததால் பனாஸ் அடிக்கடி எழுந்து போய் எஞ்சினை ஓடவிட்டுத் திரும்பினார். விருந்துக்குப் பின் தொடங்கிய நடனத்தில் இரண்டு ஆட்டங்களை அப்படிக் கோட்டைவிட்ட பிறகு ஸ்டெஃப்கா வாசலிலேயே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வண்டிகூடத்தான் ஆடப் போறீங்களா, என்கூடவும் ஒண்ணு ஆடுவீங்களா?"

ஆடினார். நன்றாகவே ஆடினார், மிதிக்காமல். ஆனால் பாட்டு முடிந்து ஜனங்கள் கைதட்டத் தொடங்கும்போது அவர் கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு பாதி வாசலைக் கடந்திருந்தார்.

"இருங்க," என்று ஸ்டெஃப்கா தன் சால்வையை எடுத்தாள். "நானும் வரேன். உள்ள ஒரே புழுக்கமா இருக்கு."