இண்டூரிலிருந்து வந்த மாதிரி அறிக்கை

ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று எழுதியே கையில் கொடுத்தார்கள். நான் அதை நம்பாமல் நேர்மாறாகச் செய்து வைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிறையப் புத்தகம் படித்ததில் எனக்குச் சேர்ந்த ஒரே சொத்து சந்தேகம்.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் தெரு மகளிர் குழுவினர், தக்காளியை வெயிலில் காயவைக்கும் கூடம் ஒன்று கட்ட அரசு மானியம் கேட்டு மனுப் போட நினைத்தார்கள். விலை சரிந்தால் பறித்த பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறவர்கள். அடுத்த அறுவடைக்குள் கூடம் வேண்டும். திட்ட அறிக்கை எழுதும் பொறுப்பு, படித்தவன் என்று என் தலையில் விழுந்தது. குழுத் தலைவி, ஏற்கெனவே கூடம் கட்டிவிட்ட இண்டூர்க் குழுவிடமிருந்து அவர்களுடைய அறிக்கையின் நகலை வாங்கி வந்தார்.

"இதப் பாத்து அப்படியே எழுதிருங்க சார்."

"கேட்டதும் குடுத்துட்டாங்களா?"

"டீயும் குடுத்தாங்க."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. போட்டிக்குக் கடை விரிக்கப் போகிறவர்களுக்கு யாராவது வழி காட்டுவார்களா? டீ வேறு! பக்கம் பக்கமாகத் துருவினேன். கண்ணாடிக் கூரை தெற்கே பார்த்துச் சரிய வேண்டுமாம். வாஸ்து பார்ப்பவர்களைக் கேலி செய்தே தலை நரைத்தவன் நான்; அன்று மட்டும் தெற்கு எமன் திசை என்பது ஞாபகம் வந்தது. வடக்கு என்று மாற்றினேன். தட்டுகள் இடுப்புயரத்தில் என்றிருந்ததைத் தரையோடு என்று திருத்தினேன்.

மனுக் கொடுக்கத் தலைவியோடு நானும் போனேன், பாராட்டை நேரிலேயே வாங்கிக்கொள்ள. அலுவலகத்தில் மனுவை வாங்கிய பொறியாளர், அறிக்கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, வெயிலே உள்ள வராதே. இதுல தக்காளி காயாது, முளைக்கும். நாளைக்குக் கடைசி நாள், மாத்திக் கொண்டாங்க."

 ஊர் திரும்பியதும் தலைவி இண்டூர் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு தானே எழுத உட்கார்ந்தார். உதவலாமா என்று கேட்டேன்.

"தள்ளி இருங்க சார். உங்களப் பாத்தா எனக்கும் சந்தேகம் வருது."

ஊர்ப் பெயர், குழுவின் பெயர், நில அளவு, அவ்வளவுதான் மாற்றினார். மறுநாளே கொடுத்தார். கூடம் வந்துவிட்டது.

பிறகொரு நாள் இண்டூர்க் குழுவின் தலைவியைப் பார்த்தபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எதுக்குங்க கேட்டதும் எடுத்துக் குடுத்தீங்க?"

"ஜெராக்ஸ் கடையில ஒரு செட்டு சேத்துப் போட்டுட்டாங்க சார். அடுப்பு பத்தவைக்க ஆவும்னு வெச்சிருந்தோம், அதுக்குள்ள உங்க ஊரு அக்கா வந்து கேட்டாங்க."