தூக்கிக்கோ வளைவு

என் மனைவிக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தான் வைத்த கல்படியைத் தானே நின்று பார்த்து, "யாரு வெச்சா இப்படி வைப்பா!" என்று தன்னையே மெச்சிக்கொள்கிற ரகம் அவள். மலைக்காட்டுத் தேசியப் பூங்காவில் நடைபாதை போடும் ஆட்களுக்கு அவள்தான் தலைவி. எல்லோரும் மேஸ்திரி என்கிறார்கள். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை.

நான் அதே பூங்காவில் பேருந்து ஓட்டுகிறேன். வாசலில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் களைத்துப்போன அதே கும்பலை அள்ளிக்கொண்டு வருவேன். எங்கள் வீடு ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு. வாசலில் சேறு அப்பிய பூட்ஸ், கதவுக்குப் பின்னால் கடப்பாரை, குளியலறை வாளியில் உளி. விருந்தாளி வந்தால் நாற்காலியிலிருந்து கயிற்றுச் சுருளை எடுத்துப் போட்ட பிறகுதான் உட்காரச் சொல்ல முடியும்.

கல்யாணமான புதிதில் அவள் சாலை வேலையில் கல் சுமந்தாள். மகள் பிறந்த பிறகும் விடவில்லை. மகள் நடக்கப் பழகியதும் புது வம்பு ஒன்று வந்தது. வேலை முடிந்து அம்மாவோடு திரும்பும்போது வழியில் ஒரு குறிப்பிட்ட மதிலோரம் வந்ததும் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவாள். "அம்மா, தூக்கிக்கோ." தினமும் அதே இடம். கால் வலியெல்லாம் இல்லை, அந்த நீள மதிலில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான் சங்கதி என்று இவள் கண்டுபிடித்தாள். மறுநாள் மதில் வரும்போது ஒரு கதையை ஆரம்பித்தாள். கதை முடிவதற்குள் வீடு வந்துவிட்டது. அந்த மகள் இப்போது நகரத்தில் மருந்துக்கடை நடத்துகிறாள், அம்மா மாதிரியே யார் பேச்சையும் கேட்பதில்லை.

பூங்காவில் சேர்ந்த பிறகு மேஸ்திரி இதையே தன் தொழில்முறையாக்கிக்கொண்டாள். புதுப் பாதைக்குக் கயிறு கட்டி அடையாளம் போட்டதும், ஊழியர் வீட்டுக் குழந்தைகுட்டிகளையெல்லாம் அப்பா அம்மாவோடு அதில் ஏறச் சொல்வாள். பின்னாலேயே சுண்ணாம்புப் பொடி டப்பாவோடு போவாள். எந்தக் குழந்தை எங்கே நின்று "தூக்கிக்கோ" என்கிறதோ, அங்கே ஒரு பிடி பொடி விழும். வெள்ளை அதிகம் விழுந்த இடத்தில் குழந்தைக்கென்று ஏதாவது செய்வாள். குனிந்து நுழைய ஒரு மரப்பொந்து, கட்டிப்பிடித்துச் சுற்றிவர ஒரு பாறை, இப்படி ஏதாவது. படியின் உயரத்தைக் குழந்தையின் முழங்காலைத் தாண்ட விடமாட்டாள். "அப்பன் காலுக்குப் படி வெச்சா அப்பன் மட்டும்தான் போவான்" என்பாள்.

இத்தனை தெரிந்தவள்தான் அருவிப் பாதையில் கோட்டைவிட்டாள்.

குடும்பங்கள் நடந்தே அருவி வரைக்கும் போகும்படி ஒரு பாதை வேண்டும் என்று அலுவலகம் கேட்டது. பாதி வழியில், பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும் ஒரு வளைவில், சுண்ணாம்பு கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. அங்கே ஒரு பெஞ்சு போட்டாள். விழுந்து கிடந்த பெரிய மரத்தை அறுத்து, சாய்மானம் செதுக்கி, நிழல் பார்த்து, வேலையாட்கள் தோளில் சுமந்து வந்து வைத்தது. பிரமாதமான பெஞ்சு. உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது.

அதுதான் வினை. வந்த குடும்பமெல்லாம் அங்கே உட்கார்ந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது, வயிறு நிறையச் சாப்பிட்டது. குழந்தைகள் மடியில் தூங்கிவிட்டன. தூங்குகிற குழந்தையை மலைமேல் சுமக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். நானோ பேருந்தில் காதில் விழுந்த பாராட்டையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"மேஸ்திரி, ஊரே உன் பெஞ்சு புகழ்தான் பாடுது."

"அருவியப் பத்தி என்ன சொல்றாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அருவியப் பத்தி யாரும் வாயே திறக்கலையே."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள். நல்ல சேதி என்று நினைத்துப் போனேன், என் தலையெழுத்து.

கொஞ்ச நாளில் பூங்கா அதிகாரியே கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன், சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். "மேஸ்திரி, உங்க பெஞ்சத் தாண்டி மேல போற வழியில புல்லு முளைச்சிருக்கு. யாரும் போகாத பாதையைப் பராமரிக்க எனக்கு ஆள் இல்ல. மேல் பாதிய மூடிடலாம்னு இருக்கேன். உங்க ஆளுங்க வண்டி நிறுத்துற இடத்துல சுவர் கட்டப் போகட்டும்."

இவள் சண்டைக்குப் போவாள் என்று நான் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தேன். போகவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். பள்ளிக்கூட லீவு முடியறவரைக்கும் டைம் குடுங்க. முடிஞ்சதும் உங்க பொண்ணக் கூட்டிக்கிட்டு வாங்க. அவ தன் கால்ல நடந்து அருவிக்குப் போகலேன்னா மூடிடுங்க, நானே வேலி கட்டித் தரேன்" என்றாள். அதிகாரியின் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வாண்டு. அவரும் சரி என்றார்.

மறுநாளே பெஞ்சைப் பெயர்க்கச் சொன்னாள். வேலையாட்களுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர்களில் மூத்தவரான கல்லுடைக்கிறவர் நேராகவே கேட்டார்.

"தோலு உரிய உரியத் தூக்கிட்டு வந்தோமேம்மா. எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"இன்னும் மேல. கடைசித் திருப்பத்துக்கு முன்னாடி."

"அங்க மரம்தான் மறைக்குது. உக்காந்தா ஒண்ணும் தெரியாதே."

"தெரிய வேணாம். அருவி சத்தம் கேக்கும்ல? அது போதும்."

பழைய வளைவை ஒட்டிக் கணுக்காலளவு ஓடை ஒன்று ஓடுகிறது. அதன்மேல் இருந்த பலகைப் பாலத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தண்ணீருக்குள் தட்டைக் கற்களைப் பதித்தாள். கல்லுக்குக் கல் இடைவெளி குழந்தை எட்டு வைக்கும் அளவுதான். பெரியவர்கள் அதில் காலை வைத்தால் தள்ளாட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சமையலறைத் தரையில் சின்ன எட்டு வைத்து நடந்து பார்ப்பாள். "பாதை மூடினா மூடட்டும், அதுக்கு ஏன் நீ சாப்பிடாம கிடக்கறே?" என்று கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

லீவு முடிந்ததும் அதிகாரி வந்தார். அன்று எனக்கு வார விடுமுறை. அப்பாவும் மகளும் முன்னால் போக, மேஸ்திரியும் நானும் தள்ளிப் பின்னால் போனோம். என் உடம்புக்கு அந்த ஏற்றம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அன்று மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.

சரியாக அந்த வளைவு வந்தது. குழந்தை நின்றது. இரண்டு கையையும் தூக்கியது. "அப்பா, தூக்கிக்கோ."

அதிகாரி குனிந்துவிட்டார். அப்பாவாச்சே, கை தானாகப் போகும். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்தது. அதற்குள் குழந்தையின் கண் ஓடைக்குள் கிடந்த கற்கள்மேல் விழுந்தது. தூக்கிய கை இறங்கியது. ஒரு கல், அடுத்த கல், அதற்கடுத்த கல். அந்தப் பக்கம் போய்த் திரும்பி, "வாங்கப்பா!" என்றது. அதிகாரி நம்பிக் காலை வைத்தார், தள்ளாடினார், பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கினார். குழந்தை சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் பறந்தன. அதற்குப் பிறகு தூக்கச் சொல்லவே இல்லை. அப்பாவுக்கு வழி காட்டுகிற வேலை அதற்குக் கிடைத்துவிட்டது.

புது இடத்தில் பெஞ்சு வந்ததும் உட்கார்ந்தவர் அதிகாரிதான். குழந்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "என்னப்பா சத்தம் அது? எந்திரிங்க, எந்திரிங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி எங்களைப் பார்த்தார். "மேஸ்திரி, உங்க ஆளுங்க சுவர் கட்டப் போக வேணாம். பாதை இருக்கட்டும்" என்றார்.

எதற்கும் வாய் ஓயாத என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் துடைத்தாள், எனக்குத் தெரியாதா?

குழந்தை அவளிடம் ஓடி வந்தது. "ஆன்ட்டி, என்னை யாருமே தூக்கல. நானே ஏறி வந்தேன்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, இந்தப் பாதையப் போட்டதே இவங்க..." என்று ஆரம்பித்தேன். விலாவில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஆமா கண்ணு, நீயேதான் ஏறி வந்தே" என்றாள் மேஸ்திரி.

இறங்கும்போது கேட்டேன். "வாய் திறந்தா உன் பெருமைதான் பேசுவே. இன்னிக்கு நான் சொன்னா என்னவாம்?"

"உங்களுக்கு ஒண்ணுமே புரியாது. அது தானா ஏறிச்சுன்னு வீடுபூரா சொல்லிக்கிட்டுத் திரியும். அதுல போய் நான் பங்கு கேப்பேனா?"

தற்பெருமைக்காரி என்று நான் இத்தனை வருஷம் கேலி செய்த என் மனைவி இவள்தான். அவளைக் கட்டிக்கொண்டதற்காக என்னை நானே தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பேருந்து நிறைய நனைந்த குடும்பங்கள். குழந்தைகளெல்லாம் மடியில் தூங்கும்வரை காத்திருந்தேன். பிறகு மைக்கை வாயருகே இழுத்து, குரலைத் தாழ்த்தி, பெரியவர்களுக்கு மட்டும் சொன்னேன்: "நீங்க போய்ட்டு வந்தீங்களே, அந்த அருவிப் பாதை, அதைப் போட்டது என் வீட்டுக்காரி."