மாமிக்குக் குலுங்கக்கூடாது

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் கூடிய நேரமெல்லாம் ஒரே பேச்சுத்தான். மாமியை எப்படிக் குலுங்காமல் கொண்டுபோவது?

மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் முதலில் ஜெர்மனிக்கு வந்தவர் அவர்தான். ஹனோவரில் ஒரு ஹோட்டலில் கட்டில்களை இழுத்து விரிப்பு மாற்றும் வேலை செய்து, முதலில் அப்பாவையும் பிறகு சித்தப்பாவையும் மன்னாரிலிருந்து எடுப்பித்தார். அந்த வேலை அவருடைய முள்ளந்தண்டைத் தின்றுவிட்டது. எனக்கு ஒன்பது வயதானபோது மாமியால் நடக்க முடியும், படுக்க முடியும்; உட்கார மட்டும் முடியாது. கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாலே முகம் வெளுத்துவிடும். ஆனால் நோகிறது என்று ஒருநாளும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

ஆவணியில் ரைன் நதிப் பக்கத்து ஊரொன்றில் மாதா கோவிலுக்கு ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழர்கள் கூடுவார்கள். மாமி அங்கே போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. யாரும் கூப்பிட்டால், "மாதாவுக்கு என்ரை வீட்டு விலாசம் தெரியும்" என்று சிரிப்பார். அந்த வருடம் அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அப்பா அதைக் கவனித்திருக்கவேண்டும். அடுத்த வாரமே யாரோ பாவித்த ஒரு வோன்வாகனை வாங்கிவந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து, காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கச் சட்டம் விடாது. காரில் போய், அங்கே இறங்கியதும் மாமி தன் கட்டிலிலேயே படுக்கலாம் என்பதுதான் திட்டம்.

மாமி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"வாறன். ஆனால் எனக்காக வழியில ஒரு இடத்திலயும் நிப்பாட்டக்கூடாது. பூசைக்குப் பிந்தினால் நான் வந்ததில அர்த்தமில்லை."

"ஓம் அக்கா," என்றார் அப்பா.

முதல் வெள்ளோட்டத்தில் மாமியின் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். மடியில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். எவ்வளவு தண்ணீர் ஊற்றுண்டதோ அவ்வளவு குலுக்கம் என்பது சித்தப்பாவின் கணக்கு. ஒரு பெரிய லொறி எங்களை முந்தியபோது வோன்வாகன் பின்னால் நாய் வால் ஆட்டுவதுபோல ஆடியது. வீடு வந்தபோது கிண்ணத்தில் ஒன்றும் இல்லை, என் சட்டையில் எல்லாம் இருந்தது.

சித்தப்பாவுக்கு லொறி ஓட்டுவது தொழில். அவர் இளக்காரமாகப் பார்த்தார்.

"நான் இழுக்கிற பெட்டி லொறிக்கு முதுகில ஏறி இருக்கும், பின்சில்லுக்கு நேர மேல. அதால ஆடாது. இது வாலில தொங்குது. தொங்கினால் ஆடும்தானே."

"அப்ப அக்காவை உன்ரை லொறியில ஏத்துவமோ?" என்றார் அப்பா.

அப்பா பேக்கரியில் வேலை செய்பவர். மா குழைக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உதிரிப்பாகப் புத்தகங்களைப் புரட்டினார். கடைசியில், வோன்வாகனின் முன்மூக்கைக் காரோடு இணைக்கும் ஒரு புதுக் கொழுவியைத் தெரிவுசெய்தார். காரின் பின்னாலுள்ள உருண்டையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, வால் ஆடவிடாமல் வைத்திருக்குமாம். சித்தப்பா அது வீண் என்றார். பக்கவாட்டில் ஆடுவதால் அக்காவுக்கு நோவதில்லை, மேலும் கீழும் குத்துவதால்தான் நோகும். காரின் பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை போடவேண்டும், வோன்வாகனுக்கு அடியில் நல்ல ஷொக் அப்சோர்பர் பூட்டவேண்டும் என்று நின்றார்.

மாமிக்கு எதனால் நோகும் என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு அபிப்பிராயம். "அவவிட்டையே கேளுங்கோவன்," என்றார் அம்மா. கேட்டாலும் அவர் சொல்லமாட்டார் என்பதில் மட்டும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பூரண ஒற்றுமை.

முடிவில் எல்லாவற்றையும் பூட்டினார்கள். சனிக்கிழமைகளில் இருவரும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். வெளியே தெரிந்தது நான்கு கால்களும் இடையறாத சண்டையும்தான். அம்மா வோன்வாகனின் பின்பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டையையும் பெரிய சட்டிகளையும் சித்தப்பா நடுவில், சில்லுக்கு மேலே மாற்றி வைத்தார். பாரம் பின்னால் இருந்தால் எந்தக் கொழுவியும் காப்பாற்றாது என்றார். அதற்கு மட்டும் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. கடைசி வெள்ளோட்டத்தில் கிண்ணத்துத் தண்ணீர் ஓரத்தில் மெல்லத் தளும்பியதோடு சரி. நான் உலர்ந்த சட்டையே இல்லாமல் அலைந்த காலம் முடிந்தது.

திருவிழா நாள் விடிந்ததும் புறப்பட்டோம். அம்மாவுக்கு வேலை. முன்னால் அப்பாவும் மாமியும், பின்னால் சித்தப்பாவும் நானும். மாமி இளநீலச் சேலை கட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும், "பஞ்சு மாதிரிப் போகுது தம்பி," என்றார். அப்பாவின் கழுத்து பெருமையில் நிமிர்ந்தது. மாமி கதவுக்கு மேலிருந்த பிடியை ஒரு கையால் பிடித்திருந்தார். வெளியே பார்க்க அது வசதி போலும் என்று நான் நினைத்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அப்பா சாலையோரத் தரிப்பிடமொன்றுக்குள் காரைத் திருப்பினார்.

"ஏன் நிப்பாட்டுறாய்?" மாமியின் குரல் கடுமையாக இருந்தது.

"உங்களுக்காக இல்லை அக்கா. புதுக் கொழுவி. சூடாகுதோ எண்டு பாக்கவேணும்."

மாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ பார். அதுக்குள்ள நான் சும்மா ஒருக்கால் நிமிந்து படுக்கிறன்."

பிறகு அடுத்த தரிப்பிடத்திலும் நின்றோம். அதற்கடுத்ததிலும் நின்றோம். ஒவ்வொரு முறையும் கொழுவி. ஒவ்வொரு முறையும் மாமி சும்மா ஒருக்கால் வோன்வாகனுக்குள் போய்ப் படுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஏமாத்திப் பழுதான சாமானைத் தந்திட்டாங்களோ?"

அந்தக் கொழுவியே வீண் என்று ஒரு மாதமாகச் சண்டை பிடித்த சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"பழுதில்லைப் பிள்ளை. நல்ல சாமான். நல்ல சாமானை அடிக்கடி பாக்கவேணும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசையில் பாதி முடிந்திருந்தது. கோவிலுக்குள் இடமில்லை. கதவோரத்தில் மாமி நின்றபடியே, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மிச்சப் பாதியைக் கண்டார். பிந்தியதைப் பற்றி அவர் அன்றும் எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அன்றைய நாள் என்றால் கோவில் நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முன் கடைசியாக நின்ற தரிப்பிடம்தான் வருகிறது. பூசை தொடங்கியிருக்கும் என்ற தவிப்பில் நான் காரைவிட்டு இறங்கி, அப்பாவை அவசரப்படுத்த ஓடினேன். கொழுவிக்குப் பக்கத்தில் யாருமில்லை. வோன்வாகனைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே அப்பாவும் சித்தப்பாவும் அதன் சுவரோடு சுவராகக் காதை வைத்துச் சாய்ந்து நின்றார்கள். உள்ளே மாமி செபம் சொல்வதுபோல ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் சத்தம் போடாதே என்று விரலை உதட்டில் வைத்தார்.

"அப்பா," என்று இரகசியக் குரலில் சொன்னேன், "கொழுவி முன்னாலயெல்லோ இருக்கு."

"ஓம்... ஓம்," என்றார் அப்பா. ஆனால் அசையவில்லை.

உள்ளேயிருந்து மாமியின் குரல் சன்னமாகக் கேட்டது.

"தம்பி, பாத்து முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை அக்கா. நீங்கள் படுங்கோ."

"சரி. வடிவாப் பார்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. கொழுவி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத இரண்டு பேரை நம்பி, மாமியையும் ஏற்றிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று.