ஒரு ஸ்டாப்புக்கு ஒரு கை

தொண்ணூத்தி ஒண்ணுன்னாலே ஸ்ரீபெரும்புதூர்ல மே மாசம் நடந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதை எழுதாதவங்க கிடையாது, நானும் எழுதி இன்னா ஆவப் போவுது. நான் சொல்ல வர்றது அதுக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, எங்க கம்பெனி பஸ்ஸுல நடந்தது. அது எந்தப் பேப்பர்லயும் வரல. ஆனா அரசாங்கம்னா என்ன, அதுல எனக்கு எவ்ளோ பங்குன்னு புரிஞ்சது அந்த பஸ்ஸுலதான். பள்ளிக்கூடத்துல குடிமையியல்னு ஒரு பாடம் வெச்சு உயிரை எடுத்தாங்களே, அதுல ஒரு மண்ணும் புரியல.

அப்ப எனக்கு இருபது முடிஞ்சிருந்தது. மறைமலை நகர்ல, வண்டிங்களுக்கு ஒயரிங் பண்ற கம்பெனியில காலை ஷிப்டு. ஒரகடத்துல இருந்து சிங்கப்பெருமாள் கோயில் போற வழியில ஒரு கூட்ரோடு வரும். அங்க திரும்பி ஏரிக்கரை மேலேயே உள்ள போனா எங்க ஊரு. கரைக்கு ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு, ஒரு லைட்டு கிடையாது. எங்க ஊர்ல இருந்து மூணு பொண்ணுங்க வேலைக்குப் போயிட்டிருந்தோம். ஒருத்தி கல்யாணமாகி செங்கல்பட்டு போயிட்டா, இன்னொருத்தி படப்பையில ஜவுளிக்கடையில சேர்ந்துட்டா. மிச்சம் நான்தான். எனக்கு ஒருத்திக்காக அவ்ளோ பெரிய பஸ்ஸு இருட்டுல கரை மேல ஆடிக்கினு வந்து, அம்மன் கோயில் எதிர்ல திரும்பி நிக்கும்.

எங்கப்பா என்னை வேலைக்கு அனுப்பினதே அந்த பஸ்ஸை நம்பித்தான். பஸ்ஸு ஊருக்குள்ள வர்ற வரைக்கும் போ, அது நின்னா நீயும் நின்னுடணும்னு முதல் நாளே சொல்லிட்டாரு. கூட்ரோடு வரைக்கும் தினம் விடியறதுக்கு முன்னாடி பொண்ணை முள்ளுக்காட்டுல நடக்க விடறதுக்கு அவருக்கு மனசு வரல. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அத்தை பையன் வேற ஒருத்தன் ரெடியா இருந்தான். நல்ல பையன்தான், பாவம், ஆனா எனக்கு வேணாம். எனக்கு வேலை வேணும். லைன்ல நின்னு ஒயர் சொருகறப்ப என்னை யாரும் இன்னாரு பொண்ணுன்னு கூப்பிடறது இல்ல. அது எனக்கு அவ்ளோ புடிச்சிருந்தது.

இப்ப பஸ்ஸைப் பத்திச் சொல்லணும். அது கிளம்பற இடம் ஸ்ரீபெரும்புதூர். அங்கேயே பாதி பஸ்ஸு நிரம்பிடும். அடுத்து ஒரகடம், அங்க ஏர்றவங்க பாதிப் பேரு வூட்டுல தெலுங்கு பேசறவங்க. அப்புறம் நான். அதுக்கு அப்புறம் மாதா கோயில் ஸ்டாப்பு. கடைசியா சிங்கப்பெருமாள் கோயில்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெக்கத்திப் பசங்க. அவங்க பேசினா எங்களுக்குச் சிரிப்பு, நாங்க பேசினா அவங்களுக்குச் சிரிப்பு. டேப்புல பாட்டுப் போடறதுல ஆரம்பிச்சு ஜன்னலை மூடறது வரைக்கும் சண்டைதான். அதனால எப்பவோ ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாங்க. வண்டியும் டீசலும் கம்பெனியோடது, எந்த வழியா எத்தனை மணிக்குப் போவணும்ங்கிறது பஸ் கமிட்டியோடது. கமிட்டியில ஒரு ஸ்டாப்புக்கு ஒரு ஆளு, ஒரு கை. பெரும்புதூர்க்காரங்க எத்தனை பேரு இருந்தாலும் ஒரு கைதான். தலையை எண்ணினா நாங்க ஏறவே மாட்டோம், எப்பவும் நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு மத்த ஸ்டாப்பெல்லாம் சொன்னதால வந்த ஏற்பாடாம். பாட்டுக்கும் ஸ்டாப்புக்கு ஒரு நாள். மாதா கோயில் ஸ்டாப்பு நாள்ல ஏசு பாட்டுக் கேட்டுக் கேட்டு, எங்க பெரும்புதூர் அக்கா ஒருத்தி அதைப் பாடிக்கினே நெத்தியில குங்குமம் வெச்சுக்குவா.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த ஸ்டாப்புலயும், அந்த ஸ்டாப்பு ஆளு தன் ஆளுங்க எல்லாம் ஏறிட்டாங்களான்னு பார்த்து ‘ரைட்’ சொன்னாத்தான் டிரைவர் அண்ணா வண்டியை எடுப்பாரு. எங்க ஸ்டாப்புல ஏர்றதும் நான்தான், ரைட் சொல்றதும் நான்தான். பின்னாடி இருந்து கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்னு நான் இன்னும் சத்தமா சொல்லுவேன்.

பெரும்புதூர் ஸ்டாப்போட ஆளு மெஷின் ஷாப்புல வேலை செய்யற ஒரு அண்ணன். நல்ல உசரம், பெரிய மீசை, வாயைத் திறந்தா மூட மாட்டாரு. அந்தத் தை மாசம் தில்லியில இருந்து நம்ம மாநில ஆட்சியைக் கலைச்சிட்டாங்க இல்லையா, அண்ணன் ஆடின ஆட்டம் இருக்கே. நம்ம ஓட்டுப் போட்டு உட்கார வெச்சதை எவனோ எங்கேயோ கையெழுத்துப் போட்டுக் கலைக்கிறதான்னு காலையில ஆரம்பிச்சா மறைமலை நகர்லதான் நிறுத்துவாரு. கலைச்சது நல்லதுதான்னு சொன்னவங்களும் பஸ்ஸுல இருந்தாங்க. அவங்க கிட்ட, நல்ல ஆட்சியோ கெட்ட ஆட்சியோ, கலைக்கணும்னா நாமதான்யா கலைக்கணும்னு மல்லுக்கு நிப்பாரு. எனக்கு அவரைக் கண்டா ஆவாது. சும்மா சவுண்டு விடற ஆளுன்னு நெனைச்சேன்.

அந்தச் சூட்டோட ஒரு நாள் சாயங்காலம், ஆபீஸுக்குப் புதுசா வந்திருந்த அதிகாரி பஸ்ஸு படியில ஏறி நின்னாரு. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். வண்டி அடிக்கடி லேட்டாவுது, இனிமே ரூட்டை ஆபீஸ்தான் முடிவு பண்ணும், கமிட்டி எல்லாம் கிடையாது, நாளையில இருந்து வண்டி உள்ள சுத்தாம மெயின் ரோட்டுலயே போவும்னு சொல்லிட்டு இறங்கிட்டாரு. உள்ள சுத்தறதுன்னா நான்தான். வேற யாரு? எல்லாருக்கும் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்னு சந்தோஷம், பெரும்புதூர்க்காரங்க கையே தட்டினாங்க. அழுகை வர வேண்டிய நேரத்துல எனக்குக் கோவம்தான் வரும், அது என் பொறப்பு. எழுந்து நேரா அண்ணன் சீட்டாண்ட போயி நின்னேன்.

“தில்லிக்காரன் நம்மளைக் கேக்காம கலைச்சான்னு இத்தினி நாளா கத்திக்கினு கீறீங்களே அண்ணா, இப்ப இதை யாரைக் கேட்டுக் கலைச்சாங்க?”

அண்ணன் வாயைத் திறந்தாரு, மூடினாரு. எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம், அவ்ளோதான். வேலை போனது போனதுதானே.

வூட்டுல சொன்னேன். அப்பா ஒண்ணும் திட்டல, அத்தைக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு மட்டும் கேட்டாரு. நான் நாளைக்கும் போய் நிப்பேன்னேன். வராத பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்னாரு. எதுக்குன்னு எனக்கும் தெரியல, ஆனா நிப்பேன்னேன். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி கிளம்பினேன், அவரும் சைக்கிளைத் தள்ளிக்கினு கூடவே வந்தாரு. அம்மன் கோயிலாண்ட நின்னோம். வழக்கமா வர்ற நேரம் போச்சு. ஏரியில தண்ணி வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. போலாம் வாம்மான்னு அப்பா மெதுவா சொன்னாரு. அவரு கோவமா சொல்லியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். டிபன் டப்பாவைக் கையில புடிச்சுக்கினு திரும்பி நாலு எட்டு வெச்சிருப்பேன், கரை மேல ஹாரன் கேட்டுச்சு.

ஏறினா, பஸ்ஸுல ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல. பெரும்புதூர்க்காரங்க என்னை முறைக்கிறாங்க. குங்கும அக்கா என்னை இழுத்துப் பக்கத்துல உட்கார வெச்சு நடந்ததைச் சொன்னா. விடியக்காலையில பெரும்புதூர்ல எல்லாரும் ஏறியாச்சாம், அண்ணன் மட்டும் கீழேயே நின்னாராம், ரைட் சொல்லலையாம். கமிட்டியைக் கேக்காம ரூட்டை மாத்தினா என் வாயில ரைட் வராது, பழைய வழியில போறதுன்னா சொல்றேன்னுட்டாராம். அவரோட ஆளுங்களே கெஞ்சினாங்க, அப்புறம் திட்டினாங்க. கியரைப் போட்டு டிரைவர் அண்ணா எடுத்துட்டுப் போயிருக்கலாம், யாரு தடுக்கப் போறா? ஆனா ரைட் இல்லாம அவரு வண்டியை எடுத்ததே இல்ல. ஸ்டியரிங் மேல கையை வெச்சுக்கினு கண்ணாடி வழியாவே அண்ணனைப் பார்த்துக்கினு உட்கார்ந்துட்டாராம். கடைசியில டிரைவர் அண்ணாதான் சரிப்பா, பழைய வழின்னாராம்.

மறைமலை நகர் போய்ச் சேர்றதுக்குள்ள லைனு ஓடாம நின்னுக்கினு இருந்தது. எல்லாருக்கும் லேட் மார்க். அண்ணனை ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. அவரு தனியா போகல, அஞ்சு ஸ்டாப்பு ஆளும் போனோம், நானும்தான். அண்ணன் பஸ்ஸுல கத்தற மாதிரி அங்க கத்தல. ரூட்டைக் குறைக்கிறது தப்புன்னு நான் சொல்லல சார், குறைக்கணுமா வேணாமான்னு சொல்ல வேண்டியது நாங்கதான்னு பொறுமையா சொன்னாரு. அந்த அதிகாரிக்குத் தேவை, லைனு நேரத்துக்கு ஓடணும். நேரத்துக்கு வர்றீங்களா, எப்படியாவது முடிவு பண்ணிக்கோங்கன்னு அனுப்பிட்டாரு.

எனக்கு ஒரே தெம்பு. இவ்ளோ பெரிய ஆளு நம்ம பக்கம் இருக்காரே, இனிமே என்ன கவலை.

மத்தியானம் கேன்டீன் பின்னாடி கமிட்டி கூடுச்சு. உள்ள சுத்தறதை நிறுத்தணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்கன்னாங்க. முதல் ஆளா அண்ணன் கையைத் தூக்கினாரு.

தெக்கத்திப் பசங்களோட கையும் ஏறுச்சு, அவங்களுக்கும் தூக்கம் முக்கியம். வேணாம்ங்கிறவங்கன்னாங்க. நான் தூக்கினேன். ஒரகடம் தூக்குச்சு. மாதா கோயில் ஸ்டாப்புல இருந்து வர்ற பெரியவரு யோசிச்சாரு, யோசிச்சாரு, எனக்கு உயிரே போயிடுச்சு. இன்னிக்கு இந்தப் பொண்ணை விட்டுட்டா நாளைக்கு எங்களைத்தான் விடுவாங்கன்னு சொல்லிக்கினே கையைத் தூக்கினாரு. மூணுக்கு ரெண்டு. என் ஸ்டாப்பு தப்பிச்சுச்சு. ஷிப்டு நேரத்துக்குப் போவணும்னா வண்டி இன்னும் சீக்கிரமா கிளம்பட்டும்னு முடிவாச்சு. அதாவது, அண்ணனோட ஆளுங்கதான் இன்னும் முன்னாடி எழுந்துக்கணும்.

ஜெயிச்சவ சும்மா இருந்திருக்கலாம். நான் இருப்பேனா? தட்டு கழுவற இடத்துல அவரைப் புடிச்சேன். காலையில எனக்காக அத்தினி பேருகிட்ட திட்டு வாங்கி வண்டியை நிறுத்திட்டு, மத்தியானம் எனக்கு எதிரா கையைத் தூக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டுட்டேன். மரியாதை எல்லாம் பறந்துடுச்சு.

அவரு தட்டைக் கழுவி முடிச்சுட்டுத்தான் பேசினாரு.

“உனக்காக எங்கேம்மா வண்டியை நிறுத்தினேன்? யாரையும் கேக்காம கலைச்சாங்க, அதுக்கு நிறுத்தினேன். இந்தக் கை எங்க ஸ்டாப்பு குடுத்தது. உள்ள சுத்தறதை நிறுத்தச் சொல்லித்தான் தூக்கணும்னு வண்டியிலேயே எல்லாரும் சொல்லிட்டாங்க. அத நான் என் இஷ்டத்துக்கு உனக்குத் தூக்கினா, அந்த ஆபீஸருக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?”

தோத்த மூஞ்சியா அதுன்னு பார்த்தேன், அப்படியும் தெரியல. அந்த மனுசனை நெனைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நிறைஞ்சு போவுது. அதுக்கப்புறம் எத்தனையோ எலெக்சன் பார்த்துட்டேன், எத்தனையோ பேரு மைக்குல கத்திக் கேட்டுட்டேன். அவருக்குப் பக்கத்துல நிக்க வெக்கிற மாதிரி ஒருத்தரு எனக்குத் தெரியல.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா கோயிலாண்ட நின்னுக்கினு இருந்தாரு. நான் இறங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவரு தலையை ஆட்டினாரு, பஸ்ஸு போயிடுச்சு. நாளைக்கு வருமான்னு அப்பா கேட்டாரு. வரும்பா, எப்பவும் வரும்னேன். அவருக்கு நிம்மதி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, நீ கும்பிட்டியே அந்த மீசைக்காரரு யாரு, நமக்காகக் கை தூக்கினவரான்னு கேட்டாரு.

“இல்லப்பா, நமக்கு எதிரா தூக்கினவரு” ன்னேன்.