செரைத் தண்ணி ரெண்டு கிளாஸ்

நேற்று ரசத்துக்கு இஞ்சி தட்டும்போது கூடவே ஒரு தண்டு செரையையும் தட்டினேன். எலுமிச்சைப்புல்லை இங்கே நாங்கள் செரை என்போம். வாசனை எழும்பியதுதான் தாமதம், பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் குருபோங்கைத் தாண்டி ஒரு மூலிகைத் தோட்டம் இருந்தது. பாத்தி பாத்தியாகச் செடிகள், கோடியில் தைலமும் சோப்பும் விற்கும் கடை, அதை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட தேநீர்க் கொட்டகை. என் வீட்டுக்காரர் அப்போது புக்கிட் ரம்பாய் பேக்டரியில் என்னோடு வேலை செய்தவர். ஓ.டி. இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் இருவரும் அங்கே போவோம். துளசிப் பாத்தி வந்தால் போதும், இவர் பயபக்தியாகச் செருப்பைக் கழற்றிவிடுவார். திரும்பும்போது, ஓ.டி. பார்த்த அலுப்பு தெரிய வேண்டுமே என்று நான் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொள்வேன். நல்ல நடிகை!

நடிக்காமல் என்ன செய்வது? "லவ்வு கிவ்வுன்னு வந்து நின்னே, இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். அதனால் இவருடைய அத்தை ஒருவரைப் பிடித்து, முன்பின் தெரியாத வரன் போலப் பேசவைத்தோம். ஜாதகமும் பொருந்தியது.

பெண் பார்க்க எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்கு வரமாட்டார்கள். வேண்டாம் என்று போய்விட்டால் தாமான் குடியிருப்பில் நாலு பேர் வாய்க்கு அவல் ஆகிவிடுமே. கோயிலிலோ பொது இடத்திலோதான் பார்ப்பது. அப்பாவுக்கோ முட்டிவலித் தைலம் வாங்க வேண்டியிருந்தது. "அந்த மூலிகைத் தோட்டத்துலயே பாத்துருவோம்லா, பெட்ரோலும் மிச்சம்" என்றார். எனக்கு உயிரே போயிற்று. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், அங்கே போயிருக்கிறேன் என்றல்லவா சொல்ல வேண்டும்!

ரெண்டு குடும்பமும் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் குனிந்த தலை நிமிரவில்லை. கடைக்கார மலாய் அம்மாள், மக்சிக் என்போம், யாரும் கேட்காமலேயே ரெண்டு கிளாஸ் செரைத் தண்ணி கொண்டுவந்து, எனக்கொன்று, இவருக்கொன்று வைத்தார். "மாச்சாம் பியாசா!" என்றார். வழக்கம்போல என்று அர்த்தம். மலாய் தெரியாதவர் யார் அங்கே?

அம்மா என் தொடையைக் கிள்ளினார். இவருடைய அம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப இவனுக்குச் சீனி எவ்ளோன்னு ஒனக்குத் தெரியும். நல்லதாப் போச்சு" என்றார். நான் பயந்து பயந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் தைலப் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா வாசம்லா!"

அப்பாடா, காதில் விழவில்லை! அந்த நிம்மதியில் மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. "என் மாப்பிள்ளைய நானே பாத்து எடுத்தேன்" என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால், "என்னாப்பா குடிக்கிறீங்க?" என்பேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாச்சாம் பியாசா லா" என்பார். வழக்கமான தேத்தண்ணிதானே என்று நானும் போட்டுக் கொடுப்பேன்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தாமான் வந்துவிட்டது. துளசிப் பாத்திப் பக்கம் கார்கள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. நேற்று செரை தட்டிய கையோடு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த 'மாச்சாம் பியாசா'வை அவர் வேறு யார் வீட்டிலும் சொல்லி நான் கேட்டதில்லை. மனுஷன் காதில் அன்றைக்கே விழுந்திருக்கிறது!